முடிக்க விடாத வாக்கியம்

மார்ச் 4

அன்புள்ள எக்ஸ்சேஞ்சுக்கு,

கடிதம் என்றதும் பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீடு இருந்த இடத்தில் இருக்கிறது, நான் வீட்டுக்குள் இருக்கிறேன். நீயும் மகளும் மாப்பிள்ளையும் இரட்டைப் பேரக்குழந்தைகளும் அந்த வெளிநாட்டில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறந்தேன்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போன ஞாயிற்றுக்கிழமை "கொஞ்சம் உடம்பு..." என்று ஆரம்பித்தேன். உடனே மகள் "என்னப்பா உடம்புக்கு?" என்றாள். மாப்பிள்ளை "மாமா, டாக்டர்கிட்ட போனீங்களா?" என்றார். பேரன் "தாத்தாவுக்கு எங்க வலிக்குது?" என்றான். உங்கள் வீட்டில் இருப்பது ஃபோன் இல்லை, மேடை மைக். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் காலம் பூராவும் இணைத்துவிட்ட உனக்கு, கட்டின புருஷனோடு தனியாகப் பேச ஒரு லைன் கிடைக்கவில்லை பார்.

விஷயம் இடுப்புக்குக் கீழே. ஒன்றுக்குப் போவதில் தகராறு. அவசரமாக வருகிறது, ஓடிப்போய் நின்றால் வருவதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், யாரோ கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவன் மாதிரி. ராத்திரி முழுக்க நடைதான். என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்பவர்களுக்கு ஊரிலுள்ள கழிப்பறை அத்தனையும் இப்போது அத்துப்படி. ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுப்பது பெட்ரோல் பங்குக்குப் பின்னால். வண்டியை ஓரங்கட்டப் பழக்குவது பஸ் நிலையத்து வாசலில். பல் டாக்டரம்மா ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். மூன்றாவது கியர் என்றாலே வேண்டாம் என்பார். "ஏன் சார் தினமும் இதே ரோடு?" என்று கேட்டார். "இந்த ரோட்டுல வளைவு நல்லா இருக்கும்மா" என்றேன்.

புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறதாம். என் வயசு ஆண்களில் பாதிப் பேருக்கு மேல் உண்டாம். புற்று இல்லை என்று பார்த்துவிட்டார்கள், அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். ஒன்றரை வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன், உன்னிடம் சொல்லவில்லை. இனி மாத்திரை போதாது, ஆபரேஷன்தான் என்கிறார் டாக்டர். அதிலும் பல வகை இருக்கிறதாம். அடுத்த தடவை விளக்கமாகச் சொல்வார்.

நீ குழந்தைகளைப் பார். நான் சமாளித்துக்கொள்கிறேன். கட்டிலில் உன் பக்கத்தில் துவைத்த துணிகளை அடுக்கி வைத்திருக்கிறேன். வெறுமனே கிடந்தால் பார்க்க நன்றாக இல்லை.

இப்படிக்கு,
உன் டிரைவிங் வாத்தியார்


மார்ச் 29

வாத்தியாருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. உடம்பைத் தவிர மற்றதெல்லாம் நலம் என்று தெரிந்துகொண்டேன். இங்கே எல்லாருக்கும் சளி. அது போனால் வேறொன்று வரும், இரட்டைகள் பள்ளியிலிருந்து எதையாவது வாங்கி வந்துகொண்டே இருக்கிறார்கள்.

ஒன்றரை வருஷம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு "சொல்லவில்லை" என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். பக்கத்தில் இருந்திருந்தால் நல்ல வார்த்தை நாலு கேட்டிருப்பீர்கள். ஆனால் அந்தப் பஸ் நிலையத்து வாசலைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். உங்களால் தேறி லைசென்ஸ் வாங்குகிறவர்கள் இனி வாழ்நாள் பூரா கழிப்பறையைக் கண்டால்தான் இண்டிகேட்டர் போடுவார்கள்.

இதைக் கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கட்டிடத்துக்கே பொதுவான அறை. மெஷின் சுற்றுகிற நேரம்தான் என் நேரம். மேலே எனக்கென்று ஒரு மூலை இல்லை. குறை சொல்லவில்லை, மகள் என்னைத் தாங்குகிறாள். இரண்டு குழந்தைகளின் கட்டிலுக்கும் நடுவே தரையில் மெத்தை போட்டுப் படுக்கிறேன். ஆளுக்கொரு கால் என் மேல் விழும். பெரிய ஆள் ஒருவர் தூக்கத்தில் புரண்டு படுக்கும் சத்தத்தைக் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு என்றுதான் வந்தேன்.

என்னென்ன வகை ஆபரேஷன், எதில் என்ன கஷ்டம் என்று டாக்டரிடம் நன்றாகக் கேட்டு ஒன்று விடாமல் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் கூட யார் இருப்பார்கள்? நான் வரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பீர்கள். அதனால் கேட்கவில்லை.

மெஷின் நின்றுவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
எக்ஸ்சேஞ்ச்


ஏப்ரல் 22

அன்புள்ள எக்ஸ்சேஞ்சுக்கு,

எல்லாருடைய சளியும் இந்நேரம் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். நான் பழையபடிதான், அதாவது நடந்துகொண்டிருக்கிறேன்.

கேட்டுவிட்டேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். மூத்திரப்பை, அதன் வாயில் இந்தச் சுரப்பி, சுரப்பிக்கு நடுவே குழாய். பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்க வேண்டியது எனக்கு எலுமிச்சம்பழத்தைத் தாண்டிவிட்டதாம். போதாக்குறைக்கு நடுவிலிருந்து ஒரு துண்டு வளர்ந்து பைக்குள் எட்டிப் பார்க்கிறதாம். நல்ல ரோட்டில் நட்ட நடுவே லாரியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனவன் மாதிரி என்று நான் சொன்னேன். அவருக்கு அது பிடித்துவிட்டது, இனி மற்றவர்களிடமும் சொல்வாராம்.

முதல் வகை, காலம் காலமாகச் செய்வது. குழாய் வழியாகவே கருவியை விட்டு, மின்சாரத்தில் சூடாகும் வளையத்தால் சதையைச் சுரண்டிச் சுரண்டி எடுப்பார்கள். வெளியே கத்தி படாது. ரத்தம் கொஞ்சம் போகும். ஓரிரண்டு நாள் மூத்திரம் இறங்க டியூப், பிறகு வீடு.

அடுத்தது லேசர். அதுவும் அதே வழிதான், ஆனால் சுரண்டாமல் தோலிலிருந்து சுளையை எடுப்பதுபோல் மொத்தமாக உரித்து எடுத்துவிடுவார்கள். ரத்தம் குறைவு. எவ்வளவு பெரிதாக இருந்தாலும் செய்யலாம், மறுபடி தொல்லை வருவது அபூர்வம். கை பழகிய டாக்டராக இருக்க வேண்டும், இவர் பழகியவர். முதல் சில வாரம் தும்மினால் இருமினால் கொஞ்சம் கசியலாமாம். அப்படியே தேறிவிடும் என்றார்.

கிளிப் போடுவது என்று ஒன்று. திரைச்சீலையை இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கட்டுவதுபோல் சுரப்பியை இழுத்துக் கட்டி வழி விடுவது. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் அந்த நடுத்துண்டு இருப்பதால் எனக்குச் சரிப்படாது என்று கை விரித்துவிட்டார். அப்புறம் நீராவி. ஊசி வழியாக நீராவியைச் செலுத்தி சதையைச் சுருங்க வைப்பது. ஆபரேஷன் சின்னது, ஆனால் ஒரு வாரம் பத்து நாள் டியூபோடு வீட்டில் கிடக்க வேண்டும், பலன் முழுக்கத் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், சிலருக்குப் பின்னால் மறுபடியும் ஏதாவது செய்ய வேண்டிவரும். வயிற்றைக் கிழித்துச் செய்வதும் உண்டாம், அது என்னையும் மிஞ்சியவர்களுக்கு.

லேசர் என்று முடிவு செய்துவிட்டேன். ஜூன் கடைசியில் தேதி. டியூபோடு பத்து நாள் கிடந்தால் பக்கத்தில் ஆள் வேண்டும், யாரைப் போய்த் தொந்தரவு செய்வது? இதுவென்றால் ஒரு ராத்திரிதான், மாடி வீட்டு எலக்ட்ரீஷியன் கூட இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். நீ அலைய வேண்டியதில்லை. டாக்டர் வேறு சிலதும் கேட்டார். முக்கியமில்லை.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசிகள். இரட்டைகளுக்கு முத்தம்.

உன்,
வாத்தியார்


மே 13

வாத்தியாருக்கு,

எல்லாரும் நலம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் "வேறு சிலதும் கேட்டார், முக்கியமில்லை" என்று மென்று முழுங்கியிருக்கிறீர்கள். லைனில் யாராவது சொல்ல வந்ததைச் சொல்லாமல் நிறுத்தினால் மூச்சிலேயே எனக்குத் தெரியும், அதுதான் என் பிழைப்பாக இருந்தது.

என்ன கேட்டார்?

எக்ஸ்சேஞ்ச்


ஜூன் 2

அன்புள்ள உனக்கு,

அங்கே எல்லாரும் சௌக்கியம்தானே? இங்கே நல்ல வெயில், வண்டிக்குள் உட்கார முடியவில்லை.

நீ விடமாட்டாய். சொல்கிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

எல்லா வகையையும் விளக்கி முடித்துவிட்டு டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "சார், லேசருக்கு அப்புறம் கணவன் மனைவி உறவுல ஒரு மாற்றம்..." என்று ஆரம்பித்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் மகளைவிடச் சின்னப் பெண் ஒருத்தி கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவரை முடிக்கவே விடவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் தேவையில்ல டாக்டர். அவங்க ஊர்லயே இல்ல" என்றேன். "இல்ல சார், நீராவின்னா அந்தப் பிரச்சினை குறைவு, அதனாலதான்..." என்றார். "இருக்கட்டும் டாக்டர், லேசரே போட்டுடுங்க" என்று எழுந்துவிட்டேன்.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். சாவியைப் போட மனசு வரவில்லை. ஊரில் இல்லை என்று நான் சொன்னது உண்மை. தேவையில்லை என்று சொன்னது உண்மையா என்று தெரியவில்லை. நீ போனது இரண்டு வருஷத்துக்கு முன்னால். ஒவ்வொரு தடவையும் "அடுத்த லீவுக்கு" என்கிறார்கள். நீ அங்கே பாட்டியாகிவிட்டாய். திரும்பி வரும்போது எனக்கு என்னவாக வருவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாத ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது.

அவ்வளவுதான். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

வாத்தியார்


ஜூன் 22

என்னவருக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? நானும் நலம் என்று எழுதலாம். கோபத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நலம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நான் "ஆபரேஷனைத் தள்ளிப் போடுங்க" என்றதும் உங்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமைதான் கைக்கு வந்தது. பதில் போட்டால் ஆபரேஷன் முடிந்த பிறகுதான் வந்து சேரும். அதனால்தான் அத்தனை பேர் நடுவில் கத்தினேன். "ஏம்மா தள்ளிப் போடணும்?" என்று மகள் கேட்டாள். "தள்ளிப் போடுங்கன்னா தள்ளிப் போடட்டுமே, எல்லாத்துக்கும் காரணம் சொல்லணுமா?" என்றேன். மாப்பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு மெல்ல உள்ளே போய்விட்டார். நீங்கள் காரணம் கேட்காமல் "சரி" என்றீர்களே, அந்த ஒரு சொல்லுக்காக உங்கள் மேலிருந்த கோபத்தில் பாதி போயிற்று.

மீதிப் பாதி இது. யாரைக் கேட்டுத் தேவையில்லை என்றீர்கள்? அது உங்கள் ஒருவர் சொத்தா? வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க என்ன நிறம் என்றால்கூட என்னைக் கேட்டுத்தானே சொல்வீர்கள்! எனக்கு அறுபத்திரண்டு ஆகிறது. அதனால் என்ன? நான் பாட்டியானதும் மற்றதெல்லாம் கழன்று விழுந்துவிட்டதா? கிளம்புவதற்கு முந்தின நாள், பெட்டியெல்லாம் கட்டி வைத்துவிட்டு விளக்கை அணைத்த பிறகு நீங்கள் என் கையை எடுத்து எங்கே வைத்துக்கொண்டீர்கள், என்ன சொன்னீர்கள் என்று நான் மறக்கவில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு நம் மொழி தெரியாது. இருந்தாலும் கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீராவியே வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகத்தான் பலன் தெரியும் என்றால் தெரியட்டும், நாம் எதற்கு அவசரப்பட்டோம் இதுவரை? கடிதத்தைக் கிழிக்கச் சொன்னீர்கள், கிழிக்கவில்லை. என் பெட்டியில் இருக்கிறது.

உங்கள்,
எக்ஸ்சேஞ்ச்


ஜூலை 14

என் எக்ஸ்சேஞ்சுக்கு,

நலமாக இருக்கிறேன். உன் கடிதம் வந்ததிலிருந்து ரொம்பவும் நலமாக இருக்கிறேன். அன்றைக்குப் பாடத்தின்போது நானே விசிலடித்துக்கொண்டு வந்தேனாம், பல் டாக்டரம்மா சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் அவரை மூன்றாவது கியருக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினார், கண்ணை மூடிக்கொண்டு.

டாக்டரிடம் போய் "நீராவி" என்று ஒரே வார்த்தை சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி சார், செய்யலாம். ஆனா உங்க அளவுக்கு லேசர்தான் உறுதி, யோசிச்சுக்கங்க. அன்னைக்கு நான் சொல்ல வந்தது..." என்று மறுபடி ஆரம்பித்தார். அந்தக் கம்ப்யூட்டர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "யோசிச்சாச்சு டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த மெஷின் இந்த ஊரில் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வெளியூரிலிருந்து கொண்டுவருகிறார்கள். அடுத்து வருவது செப்டம்பர் நடுவில்.

டியூபோடு பத்து நாளைப் பற்றிக் கவலைப்படாதே. எலக்ட்ரீஷியன் இருக்கிறார், நான் சமாளித்துக்கொள்வேன். மற்றது அப்புறம், நீ எப்போது வருகிறாயோ அப்போது.

கட்டிலில் இருந்த துணிகளை அலமாரிக்கு மாற்றிவிட்டேன்.

உன்,
வாத்தியார்


ஆகஸ்ட் 25

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதமாகிறது. ஃபோனில் எல்லாரோடும் சேர்ந்து பேசுகிறாய், குரல் நன்றாகத்தான் இருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நான் போன தடவை ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் மன்னித்துவிடு. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே "உங்களுக்கு இல்ல சார்" என்று கையை ஆட்டிவிடுகிறார். அவருக்கே பாவமாக இருக்கிறதாம்.

வாத்தியார்


ஆகஸ்ட் 28

வாத்தியாருக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. எழுத ஒரு நல்ல சேதி வேண்டும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை.

உங்கள் ஆபரேஷனுக்கு நான் வந்துவிடுவதாகச் சொல்லலாம் என்று ஜூலையிலேயே மகளிடம் பேசினேன். அவளுக்குப் புது ஷிஃப்ட், விடிவதற்கு முன்பே கிளம்புகிறாள். மாப்பிள்ளை வேலையும் அப்படித்தான். "அப்பாதான் சமாளிச்சுக்கறேங்கறாரேம்மா. அங்க போய் இப்ப என்னம்மா செய்யப்போற? என்ன இருக்கு அங்க?" என்றாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அசதியில் கேட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "உங்கப்பா இருக்கார்" என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. மருமகன் காதில் விழும், குழந்தைகள் பார்ப்பார்கள். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். டாக்டரிடம் நீங்கள் செய்ததற்காக உங்களை அந்தத் திட்டுத் திட்டினேன், நானும் அதையேதான் செய்தேன்.

ஆனால் உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மார்ச்சிலிருந்து எத்தனை கடிதம் போட்டீர்கள்? சமாளித்துக்கொள்கிறேன், அலைய வேண்டாம், குழந்தைகளைப் பார். இதில் எதை எடுத்து மகளிடம் காட்டி "பார், கூப்பிடுகிறார்" என்று சொல்வேன்? ஒரு தடவையாவது "வா" என்று எழுதினீர்களா? கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் பெட்டி கட்டுவது?

எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் சேதி.

எக்ஸ்சேஞ்ச்


செப்டம்பர் 17

என் எக்ஸ்சேஞ்சுக்கு,

ஃபோனில் "சின்ன அடைப்பு, சரியாயிடுச்சு" என்று சொன்னேன் இல்லையா, அதில் பாதி பொய். உள்ளதை எழுதுகிறேன், பயப்படாமல் படி. இப்போது வலி இல்லை.

போன வாரம் பாடம் நடந்துகொண்டிருந்தது. வழக்கமான பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். ஒரு சொட்டு வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன், மறுபடி இறங்கினேன், அப்போதும் இல்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது, வேர்த்துக் கொட்டுகிறது. ஸ்டியரிங் பக்கம் போகக்கூட என்னால் முடியவில்லை. "அம்மா, ஆஸ்பத்திரி" என்றேன். பல் டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கியர் மாற்றினார் பார், நான் என் பக்கத்து பிரேக்கில் கால் வைக்கவே இல்லை. ஒரு லாரியை முந்தினார். அந்த வலியிலும் "இண்டிகேட்டர் போடுங்க" என்றேனாம். அடுத்த வாரம் அவருக்கு டெஸ்ட், தேறிவிடுவார்.

டியூப் போட்டு இறக்கினார்கள். உயிர் திரும்பி வந்தது. சில நாள் கழித்து டியூபை எடுத்துப் பார்த்தார்கள், வரவில்லை, மறுபடி போட்டுவிட்டார்கள். காலோடு பை கட்டிக்கொண்டு வீட்டில்தான் இருக்கிறேன். இப்படி முழுக்க அடைத்துக்கொண்ட பிறகு நீராவி நிச்சயமில்லை, லேசர்தான் நல்லது என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "சார், ரெண்டு தடவை என்னைப் பேச விடல. இப்ப டியூப் இருக்கு, எழுந்து ஓட முடியாது, கேளுங்க" என்றார்.

கேட்டேன். லேசர் செய்தால் எல்லாம் முடிந்துபோகாதாம். ஆசைக்கு ஒன்றும் ஆகாது. உடம்பு ஒத்துழைப்பதும், சுகமும், பெரும்பாலானவர்களுக்கு முன்னால் எப்படியோ அப்படியேதான். கடைசியில் வெளியே வரவேண்டியது மட்டும் வராது. பின்பக்கமாக மூத்திரப்பைக்குள் போய், அப்புறம் சிறுநீரோடு போய்விடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. "பிள்ளை பெத்துக்கறதுதான் கஷ்டம். அந்த உத்தேசம் ஏதாவது உண்டா சார்?" என்றார். டியூபோடு சிரிக்கக் கூடாது என்று அப்போதுதான் தெரிந்தது. இந்த ஒரு வாக்கியத்தை ஏப்ரலிலேயே முடிக்க விட்டிருந்தால் ஜூனிலேயே எல்லாம் ஆகியிருக்கும். கம்ப்யூட்டர் பெண்ணுக்குப் பயந்து ஐந்து மாதத்தைக் கெடுத்தேன்.

"அப்ப லேசர்னு வெச்சுக்கலாமா?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றேன். "அவங்க ஊர்ல இல்லன்னீங்களே?" என்றார். "கேட்டுச் சொல்றேன் டாக்டர்" என்றேன். அக்டோபர் முதல் வாரம் வரைக்கும் பொறுப்பார்.

இதை எழுதி முடிக்கும்போது உன் ஆகஸ்ட் கடிதம் வந்தது. தபால்காரர் தூரத்திலிருந்தே தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார். படித்தேன். நீ சொல்வது சரி. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு நீ வர முடியாமல் போனால் அதைத் தாங்க முடியாது என்று பயந்து, கூப்பிடாமலே இருந்தேன். சமாளித்துக்கொள்கிறேன் என்று எழுதின ஒவ்வொரு தடவையும் நான் சமாளிக்கவில்லை. டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டு நிற்கிறேன். சிரிக்கிற மாதிரி ஏதாவது நடந்தால் வீட்டுக்கு வந்து சொல்ல ஆளில்லை. எனக்கு நீ வேண்டும்.

வா.

உன்,
வாத்தியார்


அக்டோபர் 7

என்னவருக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், நானே கொண்டுவருவேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு மகள் ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கடிதத்தை மடித்து, கடைசி வரி மட்டும் தெரிகிற மாதிரி அவளிடம் நீட்டினேன். "இதான் அங்க இருக்கு" என்றேன். "எனக்கு அவர் வேணும்டி. உன் பிள்ளைங்க எனக்கு உசிரு. ஆனா நான் அவர் பொண்டாட்டி." மாப்பிள்ளை அங்கேதான் இருந்தார், இரட்டைகளும் இருந்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொல்லி முடித்தேன். மகள் அந்த ஒரு வரியைப் படித்தாள். "ஏம்மா இத்தனை நாள் சொல்லல?" என்று அழுதாள். "நீ இங்க சந்தோஷமாத்தான் இருக்கேன்னு நெனச்சுட்டேன்" என்றாள். மறுநாளே ஷிஃப்ட் மாற்றக் கேட்டுவிட்டாள், பக்கத்துக் காப்பகத்தில் குழந்தைகளுக்கு இடம் கிடைத்தது. டிக்கெட்டை மாப்பிள்ளை எடுத்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது, சளி என்றார்.

அன்று ராத்திரியே ஃபோனில், மேடை மைக்கில், எல்லார் முன்னாலும் "லேசரே செஞ்சுக்குங்க" என்று சொன்னேன். "லேசர்னா துப்பாக்கியா?" என்று பேரன் கேட்டான். நீங்கள் அந்தப் பக்கம் சிரித்தது இங்கே எல்லாருக்கும் கேட்டது. எந்த வகை என்பதா எனக்குப் பெரிது? எதைச் செய்தால் நீங்கள் நன்றாக இருப்பீர்களோ அது போதும். என்னைக் கேட்காமல் நீங்களாகவே என்னைக் கழித்துவிட்டீர்களே, அதுதான் சுட்டது. இந்தத் தடவை கேட்டீர்கள். அது ஆறிவிட்டது.

காலையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று எலக்ட்ரீஷியன் சொன்னார். நான் வந்து சேரும்போது நீங்கள் கட்டிலில் டியூபோடு இருப்பீர்கள். பார்த்ததும் என்னால் பேச முடியாது, அது எனக்கு இப்போதே தெரிகிறது. அதனால் உள்ளே நுழைந்ததும் இதைத்தான் கையில் கொடுப்பேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

மகளிடம் நான் எப்போது திரும்பி வருவேன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் அவளிடம் திரும்பிப் போகட்டுமா, உங்களோடேயே இருக்கட்டுமா? பதில் எழுத வேண்டாம். நிமிர்ந்து பாருங்கள், எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொல்லுங்கள்.

உங்கள்,
எக்ஸ்சேஞ்ச்